பாவும் ஊடும் தொடும் இடத்தில் ஒளி: ஃபுதான் துணித்திரை, ஒரு நிகழ்வு ஆய்வு

2021 மார்ச்சில் நேச்சர் ஆய்விதழில் ஒரு துணியைப் பற்றிய கட்டுரை வந்தது. ஷாங்காயில் உள்ள ஃபுதான் பல்கலைக்கழகத்தில் பெங் ஹுய்ஷெங், சென் பெய்னிங் ஆகியோரின் குழு நெய்த துணி அது. நீளம் 6 மீட்டர், அகலம் 25 சென்டிமீட்டர். நீளத்தில் ஒரு புடவை, அகலத்தில் ஒரு துண்டுகூட இல்லை. அதற்குள் ஏறக்குறைய 5 லட்சம் ஒளிப்புள்ளிகள். மடிக்கலாம், இழுக்கலாம், துவைக்கலாம், அப்புறமும் எரியும்.

ஒளிரும் துணி என்று அதற்கு முன்பும் நிறையக் காட்டியிருக்கிறார்கள். மேடை உடைகளில் எல்ஈடி மணிகளைத் தைத்திருக்கிறார்கள், ஒளியிழைகளைச் செருகி நெய்திருக்கிறார்கள். போக்குவரத்துக் காவலர் அணியும் பளபளச் சட்டை வாகன விளக்கைத் திருப்பி அனுப்புகிறதே தவிர, தானாக ஒளிர்வதில்லை. இருட்டில் பச்சையாக மினுங்கும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சு பகல் வெளிச்சத்தைச் சேமித்துவைத்து இரவில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. வேண்டும்போது ஏற்றவும் அணைக்கவும் அதில் வழியில்லை. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது வேறு வகை: நூலின் மேல் பூசிய பூச்சே மின்சாரத்தில் ஒளிரும் துணி. அந்தப் பூச்சை எங்கே, எப்படிப் பூசினால் துணி துணியாகவே இருக்கும் என்ற கேள்விக்குப் பல ஆய்வகங்கள் பல விடைகளைத் தேடின. ஃபுதான் கண்ட விடை எனக்கு அவற்றுள் மிக நேர்த்தியானதாகப் படுகிறது. காரணம், அது ஆய்வகத்தை விடத் தறியிடம் அதிகம் கற்றுக்கொண்ட விடை.

விளக்கெண்ணெயில் எரிந்த முதல் விளக்கு

கதை 1936இல் தொடங்குகிறது. பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் டெஸ்ட்ரியோ, சிறிதளவு தாமிரம் கலந்த துத்தநாக சல்ஃபைடு தூளை ஆமணக்கு எண்ணெயில் கலந்து, இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து, உயர் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தார். தூள் ஒளிர்ந்தது. நாம் ஆமணக்கு எண்ணெயை விளக்கெண்ணெய் என்றே அழைக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இப்படி ஒளிரும் தூளைத் தொழிலில் பாஸ்ஃபர் என்பார்கள். பெயரைக் கேட்டதும் பாஸ்பரஸ் நினைவுக்கு வரும். இதில் அது துளிகூட இல்லை. 1950களில் அமெரிக்காவின் சில்வேனியா நிறுவனம் இதைத் தட்டையான இரவு விளக்காக விற்றது. 1960களின் தொடக்கத்தில் கிறைஸ்லர் கார்களின் கருவிப்பலகை இதில்தான் ஒளிர்ந்தது. 1992இல் டைமெக்ஸ் கொண்டுவந்த இன்டிக்லோ கைக்கடிகாரத்தை அழுத்தினால் முகப்பு முழுக்க ஒரே சீராக நீலப்பச்சையாகப் பரவுமே, அதுவும் இதே தூள்தான்.

இந்தப் பொருளுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். துணிக்கு ஏன் இது பொருந்தியது என்பது இதில்தான் இருக்கிறது. துத்தநாக சல்ஃபைடை அதிக வெப்பத்தில் சுட்டுப் பிறகு ஆறவிடும்போது அதன் படிக அமைப்பு மாறுகிறது. அப்போது உள்ளே கரைந்திருந்த தாமிரத்தில் ஒரு பகுதி, படிகத்தின் பிசகுகளில் தாமிர சல்ஃபைடு ஊசிகளாகப் படிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஊசிகள் மின்சாரத்தைக் கடத்தும். வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால், இடிதாங்கியின் முனையில் குவிவதுபோல ஊசி முனைகளில் அது பல மடங்கு குவியும். ஊசியின் ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். மறுமுனையிலிருந்து நேர்மின் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) வெளியேறி அருகிலேயே சிக்கிக்கொள்ளும். மின்சாரம் திசை மாறியதும் எலக்ட்ரான்கள் திரும்பி வந்து, சிக்கிய துளைகளோடு சேரும். சேரும்போது ஒளி. ஆய்வாளர் ஃபிஷர் 1960களின் தொடக்கத்தில் முன்வைத்த இந்த விளக்கம்தான் இன்றும் சொல்லப்படுகிறது.

இதன் விளைவு: இந்த விளக்குக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்னோட்டம் இடைவிடாமல் ஓட வேண்டிய தேவை இல்லை. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மின்புலம் ஏறி இறங்கினால் போதும். அமைப்பைப் பார்த்தால் இது ஒரு மின்தேக்கி. நடுவில் இருக்கும் பொருள் ஒளிர்கிறது, அவ்வளவுதான். எல்ஈடிக்கும் ஓஎல்ஈடிக்கும் (கரிமச் சேர்மங்களால் ஆன மெல்லிய எல்ஈடி) தொடுமுனை பிசகாமல் இருக்க வேண்டும். இதற்குக் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் குற்றமில்லை.

துணி மேல் பூசியபோது

பழைய கடிகார விளக்கு அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. அடியில் ஒரு மின்முனை, அதன் மேல் பேரியம் டைட்டனேட் கலந்த காப்பு அடுக்கு, அதன் மேல் பாஸ்ஃபர், உச்சியில் ஒளி புகும் மின்முனை. இதையே துணியின் மேல் அச்சடித்தால் என்ன என்பது யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இதை முறையாகச் செய்து பார்த்தார்கள். திரையச்சிலும், ஊசிவாயிலிருந்து மை சொரியும் அச்சிலும் ஒளிரும் வடிவங்களைத் துணி மேல் கொண்டுவந்தார்கள்.

செய்யலாம், சரி. ஆனால் துணி சமதளம் இல்லை. நூலுக்கு மேடு, இடைவெளிக்குப் பள்ளம், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு வேறு. சில பத்து மைக்ரோமீட்டர் கனமுள்ள பூச்சு அந்த மேடுபள்ளத்தில் ஒழுங்காக அமராது. அதனால் முதலில் பாலியூரித்தேன் மாதிரி ஒன்றைப் பூசிப் பள்ளங்களை நிரப்ப வேண்டும். நிரப்பிய இடத்தில் காற்றும் வியர்வையும் போக வழியில்லை. பனியனில் பெரிதாக ரப்பர் பிரிண்ட் போட்டால் வெயிலில் அந்த இடம் மட்டும் உடம்போடு ஒட்டுமே, அந்த அனுபவம்தான். சட்டை முழுக்க அப்படிப் பூசினால் ஃப்ளெக்ஸ் பேனரை உடுத்திக்கொள்வது போலாகிவிடும். மேல் மின்முனைக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் இண்டியம் டின் ஆக்சைடு இன்னொரு தொல்லை. அது பீங்கான் குணமுள்ளது. ஓரிரு சதவீதம் இழுத்தாலே விரிசல் விடும். முழங்கையை மடக்கும் ஒவ்வொரு முறையும் துணி அதைவிட அதிகமாக இழுபடுகிறது.

இந்த மேல் மின்முனைச் சிக்கலுக்கு கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழகத்தில் டிரிஷா கார்மைக்கேல் குழு கண்ட வழி எனக்குப் பிடித்த ஒன்று. பெண்கள் அணியும் மெல்லிய காலுறைத் துணி ஏற்கெனவே ஒளி புகுவதாகவும் நீள்வதாகவும் இருக்கிறதே, அதையே மின்முனை ஆக்கினால் என்ன? நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்து பின்னிய அந்த வலைத்துணியின் இழைகள் மேல், கரைசலில் முக்கும் முறையில் முதலில் நிக்கலும் பிறகு தங்கமும் படியவைத்தார்கள். கண்ணிகளின் இடைவெளி திறந்தே இருப்பதால் ஒளி வெளியே வருகிறது. பின்னல் விரியும்போது இழை வளைகிறதே ஒழிய அதிகம் நீள்வதில்லை, அதனால் தங்கமும் தாக்குப்பிடிக்கிறது. 2020இல் மேட்டர் ஆய்விதழில் வெளியான இந்த வேலையில், தங்கம் படியும் இடத்தை வடிவமைத்து, மாறக்கூடிய காட்சிகளையும் காட்டினார்கள். துணியின் பின்னலைக் குறையாகப் பார்க்காமல் கருவியாகப் பார்த்த ஆய்வு அது. ஆனாலும் அது அடுக்குகளால் ஆன விளக்குதான்.

தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் சோய் கியூங் சியோல் குழு வேறு பக்கம் போனது. அவர்கள் ஒற்றை இழையைக் கரைசல்களில் ஒன்றன்பின் ஒன்றாக முக்கி எடுத்து, அதன் மேலேயே ஓஎல்ஈடி அடுக்குகளைக் கட்டினார்கள். சதுர மீட்டருக்கு 10,000 கேண்டெலாவுக்கு (ஒளிச்செறிவின் அலகு) மேல் பிரகாசம் கிடைத்தது. பாஸ்ஃபர் துணி அதன் கிட்டவே நெருங்க முடியாது. ஆனால் ஓஎல்ஈடிக்கு ஈரம் நஞ்சு. நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு நாளைக்கு ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல் நீராவி உள்ளே போகக்கூடாது என்பது அந்தத் துறையின் வழக்கமான அளவுகோல். துவைக்கும் துணியிடம் இதைக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஃபுதான் குழுவும் முதலிலேயே சரியான இடத்துக்கு வந்துவிடவில்லை. 2015இல் அவர்கள் நேச்சர் ஃபோட்டானிக்ஸில் வெளியிட்டதும் ஒற்றை இழை விளக்குதான்: நடுவில் எஃகுக் கம்பி, அதன் மேல் ஒளிரும் பாலிமர் பூச்சு, அதைச் சுற்றிக் கார்பன் நானோகுழாய்த் தாள். வளையும், நெய்யவும் முடியும். ஆனால் ஒரு இழை முழுக்க ஒரே விளக்கு. அப்படிப்பட்ட நூறு இழைகளைச் சேர்த்து நெய்தால் நூறு ஒளிக்கோடுகள் கிடைக்கும். எழுத்து வராது, படம் வராது.

சந்திப்பே விளக்கு

திருப்பம் எளிமையானது. ஒரே இழைக்குள் இரண்டு மின்முனைகளையும் திணிக்க வேண்டாம். ஒன்றைப் பாவுக்கு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) கொடு, மற்றதை ஊடுக்கு (குறுக்கே ஓடும் நூல்) கொடு. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் மட்டும் விளக்கு பிறக்கட்டும்.

நெசவு என்பதே இப்படிக் குறுக்கிடும் லட்சக்கணக்கான இடங்களை ஒழுங்கான வரிசையில் உண்டாக்கும் வேலை. திரை என்பதும் நெடுக்குக் கோடும் கிடைக் கோடும் சந்திக்கும் புள்ளிகளின் வரிசைதான். ஆக, தறி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் திரைக்கு வேண்டிய கட்டத்தைத்தான் நெய்துகொண்டிருந்திருக்கிறது. தனியாக விளக்கைச் செய்து துணியில் பொருத்தும் வேலை இங்கே கிடையாது. நெய்து முடித்தால் விளக்கும் முடிந்தது.

பாவு நூலாக அவர்கள் எடுத்தது வெள்ளி பூசிய கடத்தும் நூல். சரிகை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பட்டிழையைச் சுற்றி வெள்ளித் தகட்டுக் கம்பி ஓடும் அசல் காஞ்சிபுரச் சரிகையும் மின்சாரம் கடத்தக்கூடிய நூல்தான். இந்த வெள்ளி நூலின் மேல், பாலியூரித்தேனில் கலந்த துத்தநாக சல்ஃபைடு பாஸ்ஃபரைப் பூசினார்கள்.

பூச்சு வேலை முழுக்க இங்கேதான் நிற்கிறது, அதனால் நானும் இங்கே கொஞ்சம் நின்றுகொள்கிறேன். இந்த வகை ஒளியின் பிரகாசம் மின்னழுத்தத்தோடு மிகச் செங்குத்தாக ஏறும். மின்புலம் என்பது மின்னழுத்தத்தைப் பூச்சின் கனத்தால் வகுத்தது. எனவே ஓரிடத்தில் பூச்சு சற்றே கனத்தால் அந்தப் புள்ளி மங்கிவிடும். சற்றே மெலிந்தால் அதிகமாக எரிந்து, மின்சாரம் துளைத்துக்கொண்டு போகும் ஆபத்தும் வரும். பாஸ்ஃபர் மணிகளே பொதுவாக 20 முதல் 30 மைக்ரோமீட்டர் பருமன் கொண்டவை. முறுக்கிய நூலின் வட்டப் பரப்பில், கூழ் மாதிரி இருக்கும் ஒரு கலவையைச் சீரான கனத்தில், அதுவும் மீட்டர் கணக்கில் நிறுத்துவது சாதாரண காரியம் அல்ல. நூலைக் கலவையில் முக்கி வெளியே எடுத்தால் அது ஒரு பக்கம் வழிந்து திரளும், அங்கங்கே முத்து முத்தாகக் கோக்கும்.

அவர்கள் செய்தது: கலவையில் முக்கி எடுத்த நூலை ஒரு நுண்துளை வழியாக இழுத்து, மிஞ்சியதை வழித்துவிட்டார்கள். துளையின் அளவுதான் பூச்சின் கனத்தைத் தீர்மானிக்கிறது. பிறகு உலர்த்தல். தெருவில் பாவை நீளமாகக் கட்டிக் கஞ்சி தடவி, அதிகப்படியானதைத் துடைத்துக் காயவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த வேலையாகத் தெரியும். இரண்டு பூச்சும் தாங்க வேண்டிய சோதனையும் ஒன்றுதான்: தறியில் ஏறியதும் பாவு இழுத்துக் கட்டப்பட்டு, விழுதிலும் (பாவைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) பண்ணையிலும் (ஊடை அடித்து நெருக்கும் சீப்பு) உரசிக்கொண்டேதான் போய்வர வேண்டும். அந்த உரசலில் உதிரும் பூச்சு ஆய்வக மேசையில் எவ்வளவு அழகாக எரிந்தும் பயனில்லை. கஞ்சி நெய்து முடியும்வரை தாங்கினால் போதும். இது அதற்கு அப்புறம் துவைப்பையும் தாங்க வேண்டும்.

ஊடு நூல் இன்னும் சுவாரசியமானது. அது மின்சாரம் கடத்த வேண்டும், ஒளி புக வேண்டும், நூல்போல வளைய வேண்டும். உலோகம் கடத்தும், ஆனால் ஒளியை மறைக்கும். அவர்கள் பாலியூரித்தேனில் அயனித் திரவத்தைக் கலந்து, உருக்கி நூற்று, கண்ணாடிபோலத் தெளிவான இழையாக எடுத்தார்கள். அயனித் திரவம் என்பது அறை வெப்பத்திலேயே நீர்மமாக இருக்கும் உப்பு. ஆவியாகிப் போய்விடாது என்பது அதன் பெரிய வசதி. இதில் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். உலோகத்தை ஒப்பிட்டால் அவை மந்தமானவைதான். ஆனால் மேலே சொன்னபடி, இந்த விளக்குக்குப் பெரிய மின்னோட்டம் தேவையில்லை. மின்புலம் வந்து சேர்ந்தால் போதும். மின்னோட்டம் ஓட வேண்டிய எல்ஈடி போன்ற விளக்குக்கு இந்த நூல் போதாது, இதற்குப் போதும். தெரிவுகள் ஒன்றுக்கொன்று இப்படிக் கைகொடுப்பதுதான் இந்த வடிவமைப்பில் நான் மெச்சும் இடம்.

அந்த ஊடு இழை மென்மையாகவும் இருக்கிறது. நெசவின் இறுக்கத்தில் அது பாவின் மேல் அழுந்தும்போது லேசாகச் சப்பையாகி, பாவின் வளைவைத் தழுவிக்கொள்கிறது. இரண்டு உருளைகள் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டால் மின்புலம் அங்கே ஏறுமாறாக இருக்கும். ஒன்று மென்மையாக அழுந்துவதால் தொடும் பரப்பு எல்லாச் சந்திப்புகளிலும் ஏறக்குறைய ஒன்றாகிறது. ஒளிப்புள்ளிகளுக்கு இடையே பிரகாச வேறுபாடு 8 சதவீதத்துக்கும் குறைவு என்று கட்டுரை சொல்கிறது. வெறும் பூச்சின் சீர்மையால் மட்டும் இது வந்திருக்காது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

வளைத்தார்கள், இழுத்தார்கள், அழுத்தினார்கள்; பிரகாசம் நிலையாக நின்றது. 100 முறை துவைத்துக் காயவைத்தும் பார்த்திருக்கிறார்கள். துணி காற்றோட்டமாகவே இருந்தது. இடையில் சாதாரண நூலும் ஓடலாம், பூச்சு நூலின் மேல் மட்டும்தான், நூல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் அல்ல. பாஸ்ஃபரை மாற்றினால் நிறமும் மாறும்: தாமிரம் மட்டும் கலந்தால் நீலமோ பச்சையோ, மாங்கனீசும் சேர்த்தால் மஞ்சள், ஆரஞ்சுப் பக்கம்.

ஒளிப்புள்ளிகளின் இடைவெளி சுமார் 800 மைக்ரோமீட்டர், அதாவது 0.8 மில்லிமீட்டர். பலரும் இந்த எண்ணை அப்படியே எடுத்துச் சொல்கிறார்கள். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் என்றால் ஒன்றரைச் சதுர மீட்டர். நெடுக்கிலும் குறுக்கிலும் 0.8 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 23 லட்சத்துக்கு மேல் வர வேண்டும். இருப்பதோ 5 லட்சம். சராசரியாக 3 சதுர மில்லிமீட்டருக்கு ஒன்று. எனவே துணி முழுக்க, இரு திசையிலும் அதே நெருக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எப்படியிருந்தாலும், 0.8 மில்லிமீட்டர் என்பதே ஒரு அங்குலத்துக்கு 32 புள்ளிதான். கைப்பேசித் திரையில் 400 சர்வசாதாரணம். இதில் நாளிதழ் படிக்க முடியாது. ஒரு குறுஞ்செய்தியோ வழிகாட்டும் அம்புக்குறியோ தெளிவாகத் தெரியும்.

கட்டுரையின் பின்பாதி, துணித்திரையைத் தனியாக விடாமல் மற்றத் துணிக் கருவிகளோடு சேர்த்து நெய்ததைச் சொல்கிறது: தொட்டால் உணரும் துணி விசைப்பலகை, சூரிய ஒளியில் மின்சாரம் தயாரிக்கும் நூல், அதைச் சேமிக்கும் நூல் மின்கலம். சட்டைக் கையில் வரைபடம் காட்டினார்கள். மூளை அலைகளை வாங்கி, அணிந்தவர் பதற்றமாக இருக்கிறாரா நிதானமாக இருக்கிறாரா என்பதைத் துணியில் எழுத்தாக வரவைத்தார்கள். பேச முடியாதவர்களுக்கு இது உதவும் என்ற எதிர்பார்ப்பும் சொல்லப்பட்டது. செய்தி நிறுவனங்கள் இதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டன. எனக்கு இந்தப் பகுதி செயல்விளக்கமாகத்தான் படுகிறது. புதுமை முழுக்க நூலின் பூச்சிலும் சந்திப்பிலும் இருக்கிறது.

எங்கே இன்னும் இடிக்கிறது

முதலாவது மின்னழுத்தம். இவ்வகைப் பாஸ்ஃபர் விளக்குகளுக்குப் பொதுவாக 100 வோல்ட் அக்கம்பக்கம், நொடிக்கு நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் திசைமாறும் மின்சாரம் வேண்டும். மின்கலத்தில் இருக்கும் சில வோல்ட்டை ஏற்றித்தர ஒரு மாற்றிப் பெட்டி கூடவே வர வேண்டும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் உடனே ஆபத்து இல்லை. ஆனால் வியர்த்த உடம்பின் மேல், உரசித் தேய்ந்த பூச்சோடு, பல ஆண்டுகள் அணியும் சட்டையில் இந்த மின்னழுத்தம் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி. 100 முறை துவைப்பது என்பது வாரம் இருமுறை துவைத்தால் ஓராண்டுக் கணக்கு.

இரண்டாவது, தூளின் ஆயுள். ஈரமும் மின்புலமும் சேர்ந்தால் துத்தநாக சல்ஃபைடு சிதைந்து மெல்லக் கறுக்கும். தாமிர ஊசிகளின் முனையும் நாளடைவில் மழுங்கும். இதைத் தடுக்க ஒவ்வொரு மணிக்கும் அலுமினா போன்ற கண்ணாடித்தன்மை கொண்ட மெல்லிய உறை போடுவது தொழிலில் பழைய வழக்கம். நூலின் பூச்சுக்குள் பாலியூரித்தேன் இரண்டாவது உறையாக நிற்கிறது. பாலியூரித்தேன் நீரைத் தடுக்கும், நீராவியை முழுதும் தடுக்காது.

மூன்றாவது பிரகாசம். பாஸ்ஃபர் விளக்கின் ஒளி பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா என்ற அளவை ஒட்டியே நிற்கும். அறைக்குள் அழகாக இருக்கும், அந்தியில் இன்னும் அழகு. நண்பகலில் வெளியே போனால் எரிகிறதா என்று கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஒளி கூடும், ஆயுள் குறையும்.

ஆனால் எனக்கு இவற்றைவிட உறுத்துவது துணியின் ஓரம். நடுவில் எல்லாம் நூலாக, மென்மையாக, துவைக்கத் தக்கதாக இருக்கிறது. ஓரத்துக்கு வந்ததும் ஒவ்வொரு பாவு நூலையும் ஒவ்வொரு ஊடு நூலையும் தனித்தனியே மின்சுற்றோடு இணைக்க வேண்டும். எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்று சொல்வது அந்த இணைப்புகள்தான். 5 லட்சம் புள்ளிகளுக்கு ஆயிரத்துக்கும் மேல் இணைப்புகள். அவற்றில் ஒன்று விட்டுப்போனால் ஒரு புள்ளி அணைவதில்லை, துணியின் நீளத்துக்கோ அகலத்துக்கோ ஒரு கோடே அணைந்துவிடும். மென்மையான ஊடு இழையைக் கடினமான மின்பலகையோடு பிணைக்கும் அந்த விளிம்பில்தான் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு இழுப்பும் வந்து குவிகிறது. வேட்டியானாலும் புடவையானாலும் முதலில் நைவது கரையோரம்தான் என்பது வீட்டில் துணி துவைக்கும் எவருக்கும் தெரியும். இங்கே அந்தக் கரையோரத்தில் ஒரு பலகையும் அதன் பின்னால் ஒரு மின்மாற்றிப் பெட்டியும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. துவைப்பதற்கு முன் அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றி மாட்டும் இணைப்பு எத்தனை முறை தாங்கும் என்பதை வைத்துத்தான் அந்தச் சட்டையின் ஆயுள்.